கோட்டை எழுத்தில் என் கல்யாணப் பத்திரிகை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் நகையைப் பற்றிக் கேட்கவில்லை. சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈயத்தத் தொட்ட கையால என் புள்ளைக்குச் சோறு போடுவியா?" என்றுதான் கேட்டார். நான் அப்போது செஞ்சியில் ஓர் அச்சகத்தில் கம்போஸிட்டர். பெட்டியில் கிடக்கும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிவரியாகக் கோத்து, கட்டி, மிஷினுக்குக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க அதைச் செய்தால் நகக்கண்ணில் ஒரு கறுப்பு ஏறிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. தலை குனிந்து உட்கார வேண்டிய நேரத்தில் நான் நிமிர்ந்து, "கழுவிட்டுத்தான் போடுவேன்" என்றேன். பின்னால் நின்ற அம்மா என் இடுப்பில் கிள்ளிய இடம் மூன்று நாள் சிவந்து கிடந்தது.

மாமியார் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவியா?"

"போவேன்."

"நான் வேணாம்னு சொன்னா?"

போவேன் என்றால் கல்யாணம் நின்றுவிடும், போகமாட்டேன் என்றால் வேலை நின்றுவிடும். எனக்கு இரண்டும் வேண்டும். மாப்பிள்ளை என்னவோ முதல்முறையாகப் பார்ப்பவர்போல எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாமியாரே ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"பத்திரிகைய நீயே அடிச்சுக் குடு. எங்க ஊரு பாக்கட்டும். ஊரு மெச்சுச்சுன்னா நீ பாட்டுக்கு வேலைக்குப் போ. இல்லன்னா தாலி ஏறுனதும் வூட்டோட இருந்துடணும். இன்னா சொல்ற?"

"சரி அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். அவ்வளவுதானா! பத்திரிகை அடிக்கச் சொல்லி எனக்கா சோதனை? என் கையில்தான் கோட்டை எழுத்து இருக்கிறதே.

கோட்டை எழுத்து என்பது நாங்கள் வைத்த பெயர். அது வந்த பெட்டியில் ஓல்டு இங்கிலீஷ் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் சீமையில் மடத்துச் சாமியார்கள் இறகை மையில் தொட்டுப் பட்டை பட்டையாக எழுதுவார்களாம். அந்தக் கையெழுத்தைப் பார்த்து வார்த்த இங்கிலீஷ் எழுத்து அது. ஒவ்வொன்றுக்கும் கொம்பு, வால், முள், வயிற்றுக்குள் இரண்டு கம்பி. எழுத்து மாதிரியே இருக்காது, ராஜா வீட்டுக் கதவு மாதிரி இருக்கும். எங்கள் அச்சக முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் மிஷினுக்கு ரோலர் வாங்க எழும்பூர்ப் பக்கம் பழைய சாமான் கடைக்குப் போனவர், ரோலரைச் சுத்தமாக மறந்துவிட்டு இந்த எழுத்தில் இரண்டு பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினார். ஈயம் அல்லவா, கனமான கனம். திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறும்போது கண்டக்டர் மறித்துக்கொண்டாராம்.

"இன்னா பாய், கோட்டையப் பேத்து எடுத்தாந்துட்டியா? பஸ்ஸு ஒரு பக்கமா சாயுது!"

சண்டை போட்ட அதே கண்டக்டர்தான் செஞ்சியில் இறங்கிப் பெட்டியைத் தோளில் தூக்கி வந்து என் மேஜையில் வைத்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுல என் பேரை அடிச்சுக் காட்டு பாப்போம்" என்றார். முதல் எழுத்துக்குப் பெரியது, மீதிக்குச் சின்னது என்று கோத்து, மை தடவி, ஒரு துண்டுக் காகிதத்தில் அழுத்திக் கொடுத்தேன். மனுஷன் அதை டிக்கெட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை, "டிக்கெட் புக்கு தீந்துபோச்சு" என்று வந்து நிற்க ஆரம்பித்தார். அவர் கேட்ட டிக்கெட்டுக்கு செஞ்சித் தாலுகாவே ஆடுமாட்டோடு பஸ்ஸில் ஏறினாலும் போதாது. பாய் கடைசியில், "ஏம்மா, இவருக்கு நான் டிக்கெட்டு அடிக்கறதா, பத்திரிகை அடிக்கறதா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கண்டக்டர்தான் எங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்த மாப்பிள்ளை.

எழுத்து வந்த வேகத்தில் ஊருக்கே பைத்தியம் பிடித்தது. நகைக்கடைக்காரர் பில்லில் கடைப் பேர் கோட்டை எழுத்தில் வேண்டும் என்றார். சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு அன்று மாலையே ஓடி வந்தார். மேல்சித்தாமூர் நெல் வியாபாரி மூட்டையில் கட்டும் அட்டைக்குக் கேட்டார். எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. பட்டுபோல் விழுந்தன. எனக்கோ தலைக்கனம் ஏறிவிட்டது. தெருவில் நடந்தால் கடைப் பலகைகளை எல்லாம் ஏளனமாகப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் ஓலை வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்ததும் பெண் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று அம்மா கையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "என் பத்திரிகைய நான் அடிக்காம உங்க சாமியாரா வந்து அடிப்பாரு?" என்று கேட்டுவிட்டு அவள் கைக்கடியில் நுழைந்து ஓடினேன்.

பாய் அன்றைக்கே எச்சரித்தார். "ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ் போடும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் போடறோம்."

"எல்லாருக்கும் போடறதத்தான் எனக்கும் போடணுமா பாய்? நம்ம தமிழ் எழுத்து தேஞ்சு போயி பல்லு விழுந்து கெடக்குது. இது பக்கத்துல அதை வெச்சா நல்லாவா இருக்கும்? ரெண்டு பக்கமும் இதான்."

"சரிம்மா, உன் கல்யாணம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கோக்க உட்கார்ந்தேன். நான்காவது வரியில் தடுக்கியது. சின்ன ஏ எழுத்து தீர்ந்துவிட்டது. இங்கிலீஷ்காரன் தன் பாஷைக்கு எது எத்தனை வேண்டும் என்று கணக்காக வார்த்து விற்றிருக்கிறான். நம்முடைய பேரும் ஊரும் வாயைத் திறந்தால் மூடாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பெரியப்பாவின் ஊர் மண்டகப்பட்டு. அது ஒன்றே நான்கு சின்ன ஏயை விழுங்கியது. மாப்பிள்ளையின் ஊர் தளவானூருக்கு அந்தப் பக்கம். தளவானூர் வழி என்று போட்டதில் இன்னொரு நான்கு போயிற்று. மாமன்மார், சித்தப்பாமார் எல்லாரும் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாய் ஒரு வழி சொன்னார். பாதி வரிகளை இன்றைக்கு அடித்துவிட்டு, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டு, மீதி வரிகளைக் கோத்து நாளைக்கு அதே கார்டில் அடிக்கலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் எனக்குப் பொறுமை ஏது? பெரிய எழுத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு காலத்தில் யாரோ தலைப்புக்கென்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, பெரிய ஏ முதல் எல்லாமே குவிந்து கிடந்தன. ஆகா என்று இருந்தது. முதல் எழுத்து மட்டும் எதற்குப் பெரிதாக இருக்க வேண்டும்? என் கல்யாணம், எல்லாமே பெரிதாக இருக்கட்டும்! மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை, இரண்டு பக்கமும், ஒரு சின்ன எழுத்துகூட இல்லாமல் பெரிய எழுத்திலேயே கோத்து முடித்தேன்.

புரூஃப் போட்டு எடுத்ததும் நான் போட்ட கூச்சலில் எதிர்க் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். அவ்வளவு அழகு. கொம்போடு கொம்பு, வாலோடு வால் பின்னிக்கொண்டு, கார்டில் ஓர் இடம் வெறுமையாக இல்லை. பாய் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார், பக்கத்தில் வந்து பார்த்தார், "மாஷா அல்லாஹ்" என்றார். அன்றைக்கே கால்மிதி மிஷினில் ஏற்றி மிதிமிதி என்று மிதித்து முந்நூறு கார்டும் அடித்துத் தள்ளினார். இரண்டு நாளில் பாதி எங்கள் வீட்டிலிருந்தும், பாதி மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று.

ஊர் மெச்சியது பாருங்கள், அப்படி மெச்சியது. ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் கார்டைக் கையில் வாங்கி, "கிளாஸ்!" என்றார். பாங்கு மேனேஜர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெரி ரிச்" என்றார். அவர் கார்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது, மகிழ்ச்சியில் பிடிப்பது தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் நைனா கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அம்மா, "இதுல என் பேரு எங்கடி?" என்று கேட்டாள். காட்டினேன். அவள் அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அது சித்தப்பாவின் பெயர் என்பது அப்போது எனக்கே தெரியாது.

நிஜமாகச் சொல்கிறேன், தெரியாது. எழுத்து கோப்பவளுக்கு இருக்கிற வியாதி அது. எந்த வரியில் என்ன வைத்தோம் என்று மனசிலேயே இருக்கும். கண் அதன்மேல் ஓடும்போது மனசு வாசித்துவிடும், நாமோ கண் வாசித்தது என்று நினைத்துக்கொள்வோம்.

மாப்பிள்ளைதான் போட்டு உடைத்தார். மத்தியான டிரிப்பில் பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, ஜனம் எல்லாம் உட்கார்ந்திருக்க, கார்டோடு அச்சகத்துக்குள் வந்தார்.

"இதுல இன்னாதான் எழுதி இருக்குது?"

"கண்ணு தெரியலயா? நம்ம கல்யாணம்தான் எழுதி இருக்குது."

"அப்படியா? எங்க, இத்தப் படி." ஒரு அட்டையால் மேலேயும் கீழேயும் மறைத்து நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் காட்டினார்.

பார்த்தேன். முதல் எழுத்து எஸ் மாதிரி இருந்தது. ஜி மாதிரியும் இருந்தது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அருவாள்மனை மாதிரி இருந்தது. அடுத்த எழுத்து யு, இல்லை, டி, இல்லை, ஓ. நடுவில் சின்ன எழுத்தின் துணையில்லாமல் பெரிய எழுத்துகள் ஒன்றோடொன்று சிக்கி, வரி முழுக்க ஒரே முள்ளுவேலி. நானே பொறுக்கி, நானே கோத்து, நானே கட்டிய வரி. அது என்னுடைய சொந்தப் பெயரும் என் படிப்பும் என்று அவர் அட்டையை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

"ஐயையோ! ஒருத்தருக்கும் படிக்க வராதா?"

"பாங்கு மேனேஜரு என்னாண்ட கல்யாணம் யாருக்குன்னு கேட்டாரு" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மிஷினில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பக்கம் பாய் மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு குலுங்கினார். நிறுத்தத்தில் டிரைவர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை.

"சிரிச்சீங்கன்னா எழுத்துப் பெட்டிய எடுத்துத் தலைல கவுத்துடுவேன்! உங்க அம்மா இன்னா சொல்லிச்சு? அத்த மொதல்ல சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு நின்றது. "ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளா வூட்டுக்கு ஆளுங்க வந்துகினே இருக்கறாங்களாம், கார்டும் கையுமா. நாளைக்கி சந்தைக்கு வருது. உன்னாண்ட நேர்ல பேசணும்னு சொல்லிச்சு."

அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஊர் மெச்சவில்லை, ஊர் சண்டைக்கு வந்துகொண்டிருக்கிறது. அன்று மாலை நான் பல்லு விழுந்த தமிழ் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். மணமக்கள் பெயர், நாள், நேரம், கோயில். நான்கே வரி. ஒரு குழந்தைகூடப் படிக்கும். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கும்போது கண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அழுகை ஒரு பக்கம், அந்த அருவாள்மனை ஞாபகம் வந்து சிரிப்பு ஒரு பக்கம். பாய் முந்நூறு துண்டுச் சீட்டும் மிதித்துக் கொடுத்தார். கார்டோடு சேர்த்துக் கொடுங்கள் என்று மாமியார் காலில் விழுந்தாவது கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு மாமியார் வந்தார். ஒரு கையில் கத்திரிக்காய்ப் பை, ஒரு கையில் செருப்பு. கோயிலுக்குள் வருகிறவர்போல அச்சகத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், கலர் வாங்கி வர ஓடினார். மாமியார் உட்கார்ந்து மிஷினைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் சீட்டுக் கட்டை நீட்டினேன். "அத்தை, தப்புப் பண்ணிட்டேன். அந்தப் பத்திரிகைய ஒருத்தராலயும் படிக்க முடியாது. இதுல தமிழ்ல எல்லாம் இருக்குது. வூட்டு வூட்டுக்கு இதையும் குடுத்துடுங்க."

"அத்த அப்படி வையி" என்றார். "மொதல்ல நான் சொல்றதக் கேளு."

வைத்துவிட்டு நின்றேன்.

"மொதல் கார்டு எங்க ஊரு வாத்தியாருக்குத்தான் குடுத்தேன். பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டுப் பாத்தாரு. வெளிச்சத்துக்குப் போயிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, 'கல்யாணம் எத்தினி மணிக்கும்மா?'ன்னாரு. என் புள்ள மொத நாளே எனக்கு எல்லாம் வாயால சொல்லி இருந்தான். அப்படியே ஒப்பிச்சேன். 'ஆமாமா, அப்படித்தான் போட்டிருக்குது'ன்னாரு. சாயங்காலம் கோயில் உபதேசியாரு வந்தாரு. அப்புறம் தபால்காரன். மறுநா பஞ்சாயத்து கிளார்க்கு. எல்லாம் வாசல்ல வந்து நின்னு, 'ஏம்மா, இதக் கொஞ்சம் சொல்லேன்'ன்றாங்க."

பாய் கலர் பாட்டிலோடு வாசலிலேயே நின்றுவிட்டார். மாமியாரின் குரல் மாறியது.

"நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல, பொண்ணு. கைநாட்டு. ஒரு லெட்டர் வந்தா தபால்காரன் கால்ல விழாத கொறையா நிப்பேன். ரேசன் கடைல இன்னா எழுதிப் போட்டிருக்கான்னு கிளார்க்காண்ட கேட்டா, 'வேலையப் பாரு, போம்மா'ம்பான். என் புள்ள கண்டக்டரு. அவன் பஸ்ஸுல எந்த ஊரு போர்டு மாட்டி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது, பக்கத்துல நிக்கறவங்களாண்ட கேப்பேன். அந்த வாத்தியாரு, அந்தக் கிளார்க்கு, அத்தினி பேரும் ரெண்டு நாளா என் வாசல்ல நிக்கறாங்க. நான் படிச்சுச் சொல்றேன்."

பையிலிருந்து கார்டை எடுத்தார். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். மடியில் விரித்து, முதல் வரியில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே ஆரம்பித்தார். மாப்பிள்ளை பேர், என் பேர், என் படிப்பு, மண்டகப்பட்டுப் பெரியப்பா, நாள், கிழமை, பத்தரை மணிப் பூசை, கோயில், அப்புறம் விருந்து. விரல் எங்கேயோ போனது, வாய் எங்கேயோ போனது, ஆனால் ஒரு விவரம் விடுபடவில்லை. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாய் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

படித்து முடித்துக் கார்டைத் துணியில் சுற்றினார். நான் வைத்த சீட்டுக் கட்டை எடுத்து என் கையிலேயே திணித்தார்.

"இந்தக் கருமத்தையெல்லாம் எங்க ஊர்ல குடுத்துத் தொலைக்காத. உங்க ஜனத்துக்கு வேணா குடு."

"அப்ப... வேலை, அத்தை?"

"போ. யாரு வேணாங்கறது?" எழுந்து கத்திரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பிக் கோட்டை எழுத்துப் பெட்டியை விரலால் காட்டினார். "ஆனா ஒண்ணு. நாளைக்கி உனக்குப் புள்ள பொறந்து ஞானஸ்நானம் வெச்சாலும் கார்டு இதே மாதிரிதான் அடிக்கணும். எந்தப் படிச்சவனுக்கும் வெளங்கக் கூடாது. என்னாண்ட வந்துதான் கேக்கணும்."